ஐயெல்ட்ஸ் அகாடமிக் ரீடிங்: பசங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என் பதிலும்

பிளஸ் டூ முடிச்சிட்டோ டிகிரி முடிச்சிட்டோ யுகே, அயர்லாந்து, ஆஸ்திரேலியான்னு யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற பசங்களுக்கு ஐயெல்ட்ஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்டுக்கு சொல்லித் தர்றேன். ஸ்பீக்கிங்கை பாத்து எல்லாரும் பயப்படுறாங்க, கடைசியில பேண்ட் (ஐயெல்ட்ஸ் ஸ்கோர்) விழுறது பாதி பேருக்கு ரீடிங்லதான். அதனால ரீடிங்குக்கு மட்டும் தனியா இந்த பக்கம். இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், அதையே பல விதமா சொல்லிருப்பேன்: பேசேஜ்ல என்ன எழுதியிருக்குன்னு கண்டுபிடிச்சு அதோட நிப்பாட்டிக்கிற பழக்கம் உங்ககிட்ட இருக்கான்னுதான் இந்த டெஸ்ட் பாக்குது, உங்களுக்கு எவ்வளவு தெரியும்ங்கிறது அதுக்கு தேவையே இல்ல.

டெஸ்ட்ல அப்படி என்னதான் இருக்கு?

ஒரு மணி நேரம், மூணு பேசேஜ், 40 கேள்வி. மூணு பேசேஜும் சேத்தா 2,150ல இருந்து 2,750 வார்த்தை வரும், கேள்விய படிக்கிறது அது போக தனி. புத்தகம், ஜர்னல், மேகசின், நியூஸ்பேப்பர்ல இருந்து எடுத்த மேட்டர்தான், ஆனா அந்த துறை ஆளுக்குன்னு எழுதினது இல்ல, படிச்ச யார் வேணா புரிஞ்சிக்கலாம். மூணுல ஒண்ணாவது ஒரு விஷயத்தை வாதம் பண்ணி எழுதினதா இருக்கும், பெரும்பாலும் அது கடைசி பேசேஜா வந்து உயிரை வாங்கும். ஒரு கேள்விக்கு ஒரு மார்க், நெகட்டிவ் மார்க் கிடையாது.

லிசனிங்ல பேப்பர்ல எழுதுறவங்களுக்கு ஆன்சர் ஷீட்ல காப்பி பண்ண 10 நிமிஷம் தனியா குடுப்பாங்க, ரீடிங்ல அது கிடையவே கிடையாது. கொஸ்டின் பேப்பர்ல அழகா குறிச்சு வச்சிட்டு அப்புறமா மாத்திக்கலாம்னு உக்காந்திருந்தா அவ்வளவுதான்.

அகாடமிக்கா, ஜெனரலா?

யுனிவர்சிட்டின்னா அகாடமிக். பிஆர் (அங்கயே நிரந்தரமா தங்குற அனுமதி), வேலைன்னா பெரும்பாலும் ஜெனரல் ட்ரெய்னிங். லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ரீடிங்கும் ரைட்டிங்கும்தான் மாறும். புக் பண்ணும்போது தப்பா கிளிக் பண்ணிட்டு வராதீங்க, ஃபீஸ் பதினஞ்சாயிரத்துக்கு மேல.

40க்கு எத்தனை சரியா போட்டா எத்தனை பேண்ட்?

அகாடமிக்ல சுமாரா 15 சரின்னா 5, 23 சரின்னா 6, 30 சரின்னா 7, 35 சரின்னா 8. ஒரு பேப்பருக்கும் இன்னொரு பேப்பருக்கும் கஷ்டம் கொஞ்சம் மாறும்ங்கிறதால இந்த கணக்கும் ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி நகரும். இந்த டேபிளை பாத்து பயப்படாம கொஞ்சம் யோசிங்க, 6க்கு 40ல 17 தப்பு போடலாம், 7க்கே பத்து தப்பு போடலாம். நம்ம ஊர்ல சென்டம் கணக்குல வளந்த பசங்களுக்கு இது உறைக்கவே நாளாகுது, ஒரு கேள்வி வரலன்னா அதுலயே அஞ்சு நிமிஷம் உக்காந்துடுறாங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல பின்னாடி நாலு ஈஸி கேள்வி போயிடுது.

ஓவரால் வந்துடுச்சு, ரீடிங் மட்டும் கம்மி, பரவாயில்லயா?

ஓவரால்ங்கிறது நாலோட ஆவரேஜ், அதை பக்கத்துல இருக்கிற அரை பேண்டுக்கு கொண்டு வருவாங்க. லிசனிங் 7, ரீடிங் 5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5 வாங்கினா கூட்டினா 25, நாலால வகுத்தா 6.25, அது 6.5 ஆயிடும். வீட்ல சந்தோஷமா ஸ்வீட் வாங்கிடுவாங்க. ஆனா நிறைய யுனிவர்சிட்டில "ஓவரால் 6.5, எதுலயும் 6க்கு கம்மியா இருக்கக் கூடாது"ன்னு போட்டிருப்பாங்க, அந்த ரெண்டாவது பாதியை யாரும் படிக்கிறதே இல்ல (இதுவே ஒரு ரீடிங் டெஸ்ட்தான்). அந்த 5 வச்சு அங்க சீட் கிடைக்காது. ஒவ்வொரு கோர்ஸுக்கும் கட்-ஆஃப் மாறும், சட்டம், மெடிசின், நர்சிங்லாம் இன்னும் மேல கேப்பாங்க, அதனால ஏஜென்ட் சொன்னத நம்பாம கோர்ஸ் பேஜை நீங்களே தெறந்து பாருங்க. இன்னிக்கும் சில ஏஜென்ட்ங்க கனடாவுக்கு "எஸ்டிஎஸ்ல போகலாம், ஒவ்வொண்ணுலயும் 6 போதும்"னு சொல்லிட்டிருக்காங்க, ஸ்டூடன்ட் விசாவை சீக்கிரம் குடுக்கிற அந்த ஸ்கீமையே 2024 நவம்பர்ல நிப்பாட்டியாச்சு.

ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் வித்தியாசமே புரியல. விளக்குங்க ப்ளீஸ்!

இதுதான் நம்பர் ஒன் கேள்வி. ஒரு ஸ்டேட்மென்டை குடுத்து, பேசேஜ்படி அது சரியா (ட்ரூ), தப்பா (ஃபால்ஸ்), இல்ல பேசேஜ்ல அதை பத்தி சொல்லவே இல்லையா (நாட் கிவன்)ன்னு கேப்பாங்க. இங்கிலீஷை தள்ளி வச்சிட்டு தமிழ்லயே ஒரு குட்டி பேசேஜ் போடுறேன், ஏன்னா குழப்பம் இங்கிலீஷால வர்றதில்ல.

பேசேஜ்: "1964 டிசம்பரில் வீசிய புயலில் பாம்பன் ரயில் பாலம் பெரும் சேதமடைந்தது. அதைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு விதித்தது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் நடந்த வேலை 46 நாட்களில் முடிந்தது."

இப்ப நாலு ஸ்டேட்மென்ட்.

ஒண்ணு, கெடுவுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடுச்சு. ட்ரூ. "முன்னாடியே"ங்கிற வார்த்தை பேசேஜ்ல இல்ல, ஆனா ஆறு மாசத்தையும் 46 நாளையும் பக்கத்துல வச்சா விஷயம் வந்துடுது.

ரெண்டு, ரயில்வே எதிர்பாத்ததை விட வேலை இழுத்துடுச்சு. ஃபால்ஸ். பேசேஜ் இதுக்கு நேர் எதிரா சொல்லுது, நீங்க விரலை வச்சு "இதோ இந்த வரி"ன்னு காட்ட முடியும். காட்ட முடிஞ்சாதான் ஃபால்ஸ்.

மூணு, அந்த புயல்ல ஒரு பயணிகள் ரயிலும் கடல்ல போயிடுச்சு. ராமநாதபுரம் பையன் யாரா இருந்தாலும் யோசிக்காம ட்ரூ போட்டுடுவான், தனுஷ்கோடி ரயில் கதை தெரியாதவங்க நம்ம பக்கத்துல யாரு. ஆனா பேசேஜ்ல பயணிகள் ரயில் பத்தி ஒரு எழுத்து இல்ல. நாட் கிவன்.

நாலு, இந்த வேலைக்காக ஸ்ரீதரனுக்கு விருது குடுத்தாங்க. நிஜத்துல அவருக்கு ரயில்வே மினிஸ்டர் அவார்டு குடுத்தாங்கதான். ஆனாலும் ஆன்சர் நாட் கிவன்.

பாருங்க, மூணாவதும் நாலாவதும் உலகத்துல உண்மை, பேசேஜ்ல இல்ல. ஜிகே நல்லா தெரிஞ்ச பசங்கதான் இதுல ஜாஸ்தி அடி வாங்குறாங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, பேசேஜ்ல தேடி கிடைக்கலன்னா "இல்லாததை சொல்லியிருக்கான், அப்ப ஃபால்ஸ்"னு போடுவாங்க. இல்லாதது ஃபால்ஸ் ஆகாது, எதிரா இருந்தாதான் ஃபால்ஸ். "பாலம் சேதமடையல"ன்னு சொன்னா அது ஃபால்ஸ், "பாலத்துக்கு எவ்வளவு செலவாச்சு"ன்னு ஒரு தொகை சொன்னா அது நாட் கிவன்.

இந்த வகை கேள்வியில ஒரு சலுகை இருக்கு, கேள்விங்க பேசேஜ் போற வரிசையிலயே வரும். ரெண்டாவதுக்கு ஆன்சர் ஒரு இடத்துல கிடைச்சு, நாலாவதுக்கும் கிடைச்சிட்டா மூணாவது நடுவுலதான் இருக்கணும், அங்க இல்லன்னா நாட் கிவன் போட்டுட்டு நகருங்க. ஃபுல் பேசேஜையும் திரும்ப தேடிட்டு இருக்காதீங்க.

சில இடத்துல ட்ரூ ஃபால்ஸ், சில இடத்துல யெஸ் நோன்னு இருக்கே?

ட்ரூ ஃபால்ஸ் வந்தா தகவலை பத்தி கேக்குறாங்க. யெஸ் நோ வந்தா எழுதினவரோட கருத்தை பத்தி கேக்குறாங்க, அதுல பேசேஜ்ல வேற யாரோ சொன்னதா எழுதினவர் சொல்லியிருப்பாரு, "சில விஞ்ஞானிகள் இப்படி நினைக்கிறாங்க"ன்னு, அடுத்த பாராவுல அதையே போட்டு உடைப்பாரு. அந்த சில விஞ்ஞானிகளோட கருத்தை இவர் தலையில கட்டிடக் கூடாது. பேப்பர்ல எழுதுறீங்கன்னா என்ன கேட்டிருக்கோ அதையே எழுதுங்க, ட்ரூ கேட்ட எடத்துல யெஸ் வேணாம்.

மேட்சிங் ஹெடிங்ஸ் எப்பவும் தப்பாகுது. என்ன பண்றது?

ஒவ்வொரு பாராவுக்கும் பொருந்துற தலைப்பை லிஸ்ட்ல இருந்து எடுக்கிற கேள்வி இது. பாராவுல இருக்கிற வார்த்தை ஹெடிங்லயும் இருந்தா உடனே அதை புடிச்சுக்கிறீங்க, அதான் பிரச்சினை. இதுக்கும் ஒரு பாரா:

"காவிரி மணலில் ஆழம் தெரியாத இடத்தில் கல்லை அடுக்கியே நிலைநிறுத்தப்பட்ட கல்லணையை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கூர்ந்து ஆராய்ந்தார். தளர்ந்த மணலிலும் அஸ்திவாரம் போட முடியும் என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டார். பின்னர் முக்கொம்பில் மேலணையும் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் அந்த அடிப்படையில் எழுந்தன."

ஹெடிங்ஸ்: அ) கல்லணையின் வயது. ஆ) பழைய நுட்பம் புதிய கட்டுமானத்துக்கு வழிகாட்டுகிறது. இ) காவிரியில் அணைகள் தேவைப்பட்டது ஏன்.

அ-வுல கல்லணை இருக்கு, இ-ல காவிரியும் அணையும் இருக்கு, ஆ-வுல பாராவுல உள்ள ஒரு வார்த்தை கூட இல்ல. ஆன்சர் ஆ. டெஸ்ட் எழுதுறவங்க வேணும்னேதான் இப்படி வைக்கிறாங்க, சரியான ஹெடிங்ல வார்த்தைய மாத்திடுவாங்க, தப்பான ஹெடிங்ல பாராவோட வார்த்தைய தூவி விட்டுடுவாங்க. அதனால பாராவை படிச்சதும் ஹெடிங் லிஸ்டை பாக்காம "இந்த பாரா எதுக்கு இங்க இருக்கு"ன்னு மனசுக்குள்ள தமிழ்லயாவது ஒரு வரி சொல்லிக்கோங்க, அப்புறம் லிஸ்டுக்கு போங்க. முதல் வரிய மட்டும் படிச்சா போதும்னு சொல்றவங்க சொல்லிட்டுதான் இருப்பாங்க, பாதி பாராவுல முதல் வரி போன பாராவுக்கு சொல்ற பதிலாதான் இருக்கும், "ஆனால்"னு ஆரம்பிக்கிற நாலாவது வரியிலதான் மேட்டரே இருக்கும்.

கேள்விய முதல்ல படிக்கணுமா, பேசேஜையா?

கோச்சிங் சென்டருக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. என் கணக்கு இதுதான், கேள்வி டைப்பை பொறுத்தது. கோடிட்ட இடம், ட்ரூ ஃபால்ஸ், ஷார்ட் ஆன்சர்லாம் வரிசையா வர்ற டைப், கேள்விய படிச்சிட்டு தேடலாம். ஹெடிங்ஸ், "இந்த தகவல் எந்த பாராவுல இருக்கு"ங்கிற டைப்லாம் வரிசையில வராது, அதுக்கு பேசேஜை ஒரு தடவ ஓட்டமா படிச்சே ஆகணும், வேற வழி இல்ல.

"கீவேர்டை அண்டர்லைன் பண்ணி ஸ்கேன் பண்ணு"ங்கிறது பாதிதான் உண்மை. வருஷம், ஆள் பேரு, ஊர் பேரு, நம்பர் இதெல்லாம் மாத்தி எழுத முடியாது, அதை வச்சு தேடுங்க. மத்த வார்த்தை எல்லாம் மாறியிருக்கும். கேள்வியில "செலவு கூடியது"ன்னு இருந்தா பேசேஜ்ல "திட்டமிட்டதை விட இரு மடங்கு பணம் போனது"ன்னு இருக்கும், "செலவு"ன்னு தேடினா கிடைக்கவே கிடைக்காது. கீவேர்டை மட்டும் நம்பி போறவங்க 6 வரைக்கும் வந்து அங்கயே நின்னுடுறத நெறைய பாத்திருக்கேன்.

எவ்வளவு வொக்காபுலரி வேணும்? தினமும் 50 வார்த்தை மனப்பாடம் பண்றேன்...

மனப்பாடம் பண்ற லிஸ்ட்ல என்ன இருக்குன்னு பாருங்க முதல்ல. ஜிஆர்இ-ங்கிற மேற்படிப்பு டெஸ்டுக்கு போட்ட அபூர்வ வார்த்தை லிஸ்டை எவனோ ஐயெல்ட்ஸ்னு பேரு மாத்தி பிடிஎஃப்பா சுத்த விட்டுட்டிருக்கான். ஒரு பேசேஜை யார் உதவியும் இல்லாம புரிஞ்சுக்கணும்னா அதுல 98 சதவீதம் வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு 2000ல வந்த ஒரு ஆய்வுல சொல்லியிருக்காங்க, அதாவது 50 வார்த்தைக்கு ஒண்ணு தெரியலன்னா சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா தடுமாறும். அதே 2000ல நியூசிலாந்துல அவெரில் காக்ஸ்ஹெட் ஒரு அகாடமிக் வேர்ட் லிஸ்ட் போட்டாங்க, 570 வார்த்தை குடும்பம், எந்த சப்ஜெக்ட்ல எழுதினாலும் அகாடமிக் எழுத்துல பத்துல ஒரு வார்த்தை இதுல இருந்துதான் வருது. அந்த 570 எங்க, உங்க பிடிஎஃப்ல இருக்கிற 5000 எங்க. "சிக்னிஃபிகன்ட்", "அஸ்யூம்", "டெரைவ்" மாதிரி சாதா முகம் வச்ச வார்த்தைங்கதான், இதெல்லாம் வாக்கியத்துல வச்சு படிங்க.

இன்னொண்ணு, புது வார்த்தை வந்தா அங்கயே நிக்காதீங்க. ரொம்ப டெக்னிக்கலான வார்த்தைன்னா பேசேஜுக்கு கீழ அவங்களே அர்த்தம் போட்டிருப்பாங்க, போடலன்னா பக்கத்து வரியிலயே விளக்கம் இருக்கும், ரெண்டும் இல்லன்னா அந்த வார்த்தை உங்க ஆன்சருக்கு தேவைப்படாமலே போகலாம்.

நான் பயாலஜி குரூப். பயாலஜி பேசேஜ் வந்தா எனக்கு லாபமா?

இந்த கேள்வியால ஒரு டெஸ்டோட அமைப்பே மாறியிருக்குன்னா நம்புவீங்களா? 1980ல இதுக்கு முன்னோடியா இருந்த இஎல்டிஎஸ் டெஸ்ட்ல சப்ஜெக்ட் வாரியா ஆறு மாட்யூல் வச்சிருந்தாங்க. 1989ல ஐயெல்ட்ஸா மாறினப்ப மூணா கொறச்சாங்க, 1995ல அதையும் தூக்கிட்டு எல்லாருக்கும் ஒரே அகாடமிக் ரீடிங்னு கொண்டு வந்தாங்க. அந்த சமயத்துல காரலைன் கிளாஃபம்ங்கிறவங்க இதையே ஆராய்ச்சி பண்ணாங்க, சொந்த சப்ஜெக்ட் பேசேஜ் படிச்சா மார்க் ஏறுதான்னு. பேசேஜ் ரொம்ப ஸ்பெஷலா அந்த துறைக்குள்ளயே போற மாதிரி இருந்தா வித்தியாசம் தெரிஞ்சது, பொதுவா எழுதின பேசேஜ்ல பெருசா தெரியல. இங்கிலீஷ் ரொம்ப கம்மியா இருக்கிறவங்களுக்கு சப்ஜெக்ட் அறிவு கை குடுக்கல, ரொம்ப நல்லா இருக்கிறவங்களுக்கு அது அவ்வளவா தேவைப்படல, நடுவுல இருக்கிறவங்களுக்குதான் உதவுச்சு.

இப்ப வர்ற பேசேஜ்லாம் பொதுவா எழுதினதுதான், அதனால தேனீ பத்தி வந்துச்சுன்னு குஷியாகாதீங்க, கண்ணாடி எப்படி செய்றாங்கன்னு வந்துச்சுன்னு வருத்தப்படவும் வேணாம். தெரிஞ்ச டாபிக்ல இருக்கிற ஆபத்து மேல பாம்பன்லயே பாத்தோம்.

நான் தமிழ் மீடியம். என்னால முடியுமா?

முடியும், இதை ஆறுதலுக்கு சொல்லல. நாலுல ரீடிங்தான் தனியா உக்காந்து வீட்ல இருந்தே ஏத்திக்க முடியுற ஒண்ணு, பேச ஆள் வேணாம், திருத்த ஆள் வேணாம், ஆன்சர் கீ போதும். உங்களுக்கு இடிக்கப்போறது ரெண்டு இடம். ஒண்ணு நீளமான வாக்கியம், எழுவாய் எங்கயோ இருக்கும், வினை மூணு வரி தாண்டி வரும், நடுவுல "விச்", "ஹூம்"னு சொருகியிருப்பான். அந்த மாதிரி வரி வந்தா யாரு, என்ன பண்ணாங்கன்னு ரெண்டை மட்டும் புடிங்க, நடுவுல இருக்கிறதை பென்சிலால அடைச்சிட்டு படிங்க. ரெண்டாவது, "திஸ்", "சச்", "தி லேட்டர்" மாதிரி சுட்டுற வார்த்தைங்க. பாதி தப்பு இதுலதான் நடக்குது, "திஸ் அப்ரோச்"னு வந்தா எந்த அப்ரோச்னு பின்னாடி போயி பாக்காம அடுத்த வரிக்கு ஓடிடுறாங்க.

மெட்ரிக், சிபிஎஸ்இ பசங்களும் ரொம்ப ஆட வேணாம். நம்ம ஸ்கூல்ல எந்த மீடியமா இருந்தாலும் பாடத்தை கைடு வச்சு கேள்வி பதிலா உருப்போட்டுதான் பழகியிருக்கோம். முன்ன பின்ன பாக்காத பேசேஜை நேரம் வச்சு படிக்கிறது எல்லாருக்குமே புதுசு.

ஆன்சர் தெரிஞ்சும் மார்க் போயிடுச்சு, ஸ்பெல்லிங்காலயா?

ஆமா, போகும். ஸ்பெல்லிங் தப்புன்னா தப்புதான், ஒருமை பன்மை மாறினாலும் போச்சு. வார்த்தை பேசேஜ்லயே கண்ணு முன்னாடி இருக்கு, பாத்து எழுதுறதுல என்ன கஷ்டம்னு எனக்கு இன்னிக்கும் புரியல. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்கன் ஸ்பெல்லிங் ரெண்டும் ஓகே, எல்லாத்தையும் கேப்பிட்டல்ல எழுதினாலும் ஓகே.

வேர்ட் லிமிட்தான் முக்கியமான கண்ணி. ரெண்டு வார்த்தைக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருந்தா "லைம் மோர்ட்டார்" சரி, "தி லைம் மோர்ட்டார்"னு எழுதினா மூணு வார்த்தை, தப்பு. நடுவுல ஹைஃபன் போட்டு சேந்து வர்ற வார்த்தை ஒண்ணாதான் கணக்கு. ஒவ்வொரு செட்டுக்கும் லிமிட் மாறும், மேல இருக்கிற இன்ஸ்ட்ரக்ஷனை ஒவ்வொரு தடவயும் படிங்க.

டைம் பத்தவே மாட்டேங்குது!

பேசேஜுக்கு 20 நிமிஷம்னு பொதுவா சொல்லுவாங்க. ஒண்ணை விட அடுத்தது கஷ்டமா போகும்ங்கிறதால நான் முதல் பேசேஜை 16, 17 நிமிஷத்துல முடிக்க சொல்லுவேன், மிச்சத்தை மூணாவதுக்கு சேத்து வைங்க. கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் தாண்டினா தோணினதை போட்டு மார்க் பண்ணிட்டு நகருங்க. கடைசி நிமிஷத்துல ஒரு பெட்டி கூட காலியா இருக்கக்கூடாது, நெகட்டிவ் இல்லாத டெஸ்ட்ல காலியா விடுறது சும்மா காசை கீழ போடுற மாதிரி.

கம்ப்யூட்டர் எடுக்கலாமா, பேப்பரா?

கேள்வியும் மார்க்கும் ஒண்ணுதான். உங்க சென்டர்ல ரெண்டும் இருந்தா, ஸ்கிரீன்ல ஒரு பக்கம் பேசேஜ், ஒரு பக்கம் கேள்வின்னு தனித்தனியா ஸ்க்ரோல் ஆகுறது நிறைய பேருக்கு வசதி, ஹைலைட் பண்ணலாம், நோட் போட்டு வைக்கலாம். ஆனா பிராக்டிஸ் முழுக்க பேப்பர்ல பண்ணிட்டு டெஸ்ட் அன்னிக்கு முதல் தடவயா ஸ்கிரீன்ல 900 வார்த்தை படிக்காதீங்க. ஃபோன்ல பிராக்டிஸ் பண்றது ரெண்டுக்குமே உதவாது.

எந்த மெட்டீரியல் நல்லது?

கேம்பிரிட்ஜ் வெளியிடுற பழைய டெஸ்ட் தொகுப்புங்க, அப்புறம் ஐடிபி, பிரிட்டிஷ் கவுன்சில் சைட்ல இருக்கிற சாம்பிள். இந்தியாவுல 2021ல இருந்து டெஸ்ட் நடத்துறது ஐடிபி மட்டும்தான், ஆனா படிக்கிறதுக்கு யார் சைட்டா இருந்தா என்ன. கண்ட கண்ட ஃப்ரீ சைட்ல இருக்கிற டெஸ்டை போட்டு மனசு உடைஞ்சு வராதீங்க, அதுல நாட் கிவன் கேள்வியெல்லாம் ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டாங்க, அவங்க ஆன்சர் கீயே சண்டைக்கு வரும். தப்பான கீயை வச்சு பழகினா இருக்கிற தெளிவும் போயிடும். டெஸ்ட் போடுறதை விட தப்பை ஆராயறதுக்கு நேரம் குடுங்க, ஒவ்வொரு தப்புக்கும் பேசேஜ்ல எந்த வரி ஆன்சர்னு கோடு போட்டு காட்டணும், அது முடியாம அடுத்த டெஸ்டுக்கு போகக்கூடாது.

டோஃபெல், பிடிஇ, டுவோலிங்கோன்னு மத்த இங்கிலீஷ் டெஸ்ட்லாம் ஈஸியா?

ஈஸின்னு எதுவும் இல்ல, உங்களுக்கு எது பொருந்துதுன்னுதான். பிடிஇ-ல கலைஞ்ச வாக்கியத்தை வரிசைப்படுத்துறது, கோடிட்ட இடம் நிரப்புறதுலாம் இருக்கு, கிராமர் ஸ்ட்ராங்கா இருக்கிறவங்களுக்கு அது ஒத்து வரும், ஆனா பல ஆன்சர் டிக் பண்ற கேள்வியில தப்புக்கு மார்க் கழியும். டுவோலிங்கோல பாதி எழுத்து காணாம போன வார்த்தைய முழுசாக்குறது மாதிரி குட்டி குட்டியா வரும், வீட்லயே எழுதலாம், விலையும் கம்மி, எல்லா யுனிவர்சிட்டியும் எல்லா நாட்டு விசாவும் ஏத்துக்காது. டோஃபெல் 2026 ஜனவரியில இருந்து ரொம்ப மாறிடுச்சு, நீங்க பண்றதை பொறுத்து அடுத்த செட் மாறுற மாதிரி ஆக்கிட்டாங்க, ஸ்கோரும் 1ல இருந்து 6ங்கிற அளவுல வருது, அதனால அண்ணன் அக்கா வச்சிருந்த பழைய டோஃபெல் புக்கை இப்ப நம்பாதீங்க.

மலேசியால இருக்கிற நம்ம பசங்களுக்கு அங்க லோக்கல் யுனிவர்சிட்டிக்கு எம்யுஇடின்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட், அதுல ரீடிங் 75 நிமிஷம், 40 கேள்வி, எல்லாம் சாய்ஸ். மேல சொன்ன மாத்தி எழுதுற வித்தை அங்கயும் அப்படியே உண்டு.

நான் வெளிநாடு போகல, இங்க யுனிவர்சிட்டி நுழைவுத் தேர்வான சியுஇடி-ல இங்கிலீஷ்தான் எழுதுறேன். இது உதவுமா?

காம்ப்ரிஹென்ஷன் பகுதிக்கு உதவும். ஆனா அங்க கணக்கு வேற, 2025ல இருந்த முறைப்படி 60 நிமிஷத்துல 50 கேள்வி, சரின்னா 5 மார்க், தப்புன்னா 1 கழியும். "நெகட்டிவ் இருக்கு, தெரியலன்னா தொடாத"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, கணக்கு போட்டு பாருங்க, நாலு சாய்ஸ்ல குருட்டாம்போக்குல நாலு கேள்வி அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு, 5ல 3 போனா 2 மிச்சம். ஒரு சாய்ஸை நீக்க முடிஞ்சா இன்னும் லாபம். காலியா விட்டா பூஜ்யம். நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒரே மாசத்துல 5.5ல இருந்து 7 வருமா?

டைம் பத்தாம 5.5 வாங்கினவங்களுக்கு வரலாம், கேள்வி டைப் புரியாம வாங்கினவங்களுக்கும் வரலாம். பேசேஜே புரியாம வாங்கினவங்களுக்கு வராது. நீங்க எந்த ரகம்னு கண்டுபிடிக்க ஒரு வழி, ஒரு பழைய டெஸ்டை டைமர் இல்லாம, எவ்வளவு நேரமானாலும் சரின்னு போடுங்க. 30க்கு மேல வந்தா உங்க பிரச்சினை வேகம், அது பழக்கத்துல சரியாகும். டைமர் இல்லாமலே 22தான் வருதுன்னா டெஸ்டை மூடி வச்சிட்டு தினமும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ்ல கட்டுரை படிக்க ஆரம்பிங்க, நியூஸ்பேப்பர்ல எடிட்டோரியல் பக்கம், சயின்ஸ் மேகசின், எதுனாலும். அதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும், டெஸ்ட் தேதிய தள்ளிப் போடுங்க.

ரிசல்ட்ல டவுட் இருக்கு. ரீவேல்யூயேஷன் போடலாமா?

ஆறு வாரத்துக்குள்ள கேக்கலாம், மார்க் மாறினா கட்டின காசு திரும்ப வரும். ஆனா ரீடிங்ல சரி தப்புன்னு ரெண்டே ரெண்டுதான், ரைட்டிங் மாதிரி திருத்துற ஆளோட பார்வை கிடையாது, அதனால ரீடிங்குக்காக மட்டும் போடுறதை நான் சொல்ல மாட்டேன். அதுக்கு பதிலா ஒன் ஸ்கில் ரீடேக் இருக்கு, கம்ப்யூட்டர்ல எழுதினவங்க 60 நாளுக்குள்ள ரீடிங் மட்டும் திரும்ப எழுதலாம். உங்க யுனிவர்சிட்டியும் விசாவும் அதை ஏத்துக்குமான்னு மெயில் போட்டு கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க.

டெலிகிராம்ல "இந்த வார கொஸ்டின் பேப்பர்" விக்கிறாங்களே?

ஏமாத்து. பழைய டெஸ்ட்ல இருந்து நாலு பேசேஜை ஒட்டி விக்கிறான், மாட்டினா உங்க ரிசல்ட்டுதான் கேன்சல் ஆகும், அவன் வேற பேர்ல குரூப் ஆரம்பிச்சிடுவான்.

கண் பார்வை குறை, டிஸ்லெக்ஸியா இருக்கிறவங்களுக்கு ஏதாவது வசதி உண்டா?

உண்டு. கூடுதல் நேரம், பெரிய எழுத்து, பிரெயில் வரைக்கும் இருக்கு, டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. ரெடி பண்ண அவங்களுக்கு டைம் வேணும்ங்கிறதால புக் பண்றதுக்கு முன்னாடியே சென்டர்ல பேசிடுங்க, பிரெயில்னா மாசக்கணக்கில முன்னாடி.

டெஸ்ட் அன்னிக்கு என்ன எடுத்துட்டு போகணும்?

பாஸ்போர்ட். புக் பண்ணப்ப எந்த பாஸ்போர்ட் நம்பர் குடுத்தீங்களோ அதே பாஸ்போர்ட், ஒரிஜினல். ஆதார், ஜெராக்ஸ், ஃபோன்ல ஃபோட்டோன்னு நின்னா கேட்ல இருந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. வாட்ச் உள்ள விட மாட்டாங்க, சுவத்துல இல்லன்னா ஸ்கிரீன்ல கடிகாரம் இருக்கும். தண்ணி பாட்டில் லேபிளை உரிச்சிட்டு கொண்டு போங்க.